ஆறு பில்லர், ஆறு பவுன், ஒரு கறுப்புத் துணி! - ஆரணி வீட்டில் நடந்தது என்ன?

போன வாரம் இந்தப் பகுதியில் மொட்டை மாடி ஒழுகலைப் பற்றி எழுதியிருந்தேன், இல்லையா? அது வெளியான அன்று ராத்திரியே சித்தப்பாவிடமிருந்து போன்.

"நீ மாடியைப் பத்தி எழுதுற. இங்க எனக்குக் கீழ பில்லரே பொரிஞ்சு நிக்குது. ஒரு கம்பெனிக்காரன் வந்து பார்த்துட்டு, கறுப்புத் துணி சுத்தினா சரியாயிடும்னு சொல்றான். துணி சுத்தினா வீடு நிக்குமாம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

சித்தப்பா வீடு ஆரணியில். பட்டுப்புடவை ஆரணி இல்லை. அது திருவண்ணாமலை மாவட்டம். இது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆந்திராவிலிருந்து ஓடிவந்து பழவேற்காடு பக்கம் போய்ச் சேரும் ஆரணி ஆற்றை ஒட்டிய பேரூராட்சி. ஆடி மாதம் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்கு இந்தப் பக்கம் நன்றாகத் தெரியும்.

சித்தப்பா முப்பது வருஷம் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்த்தவர். வீடு கட்டுகிற கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உருட்டுகிற வேலை. ரிட்டயர் ஆகிவிட்டார். 1996ல் கட்டிய வீடு. கீழே ஆறு பில்லர்மேல் திறந்தவெளி, வண்டி நிறுத்த. மேலே இவர்கள் குடித்தனம். அதற்கும் மேலே இன்னொரு தளம் எழுப்பி, நாலு ரூம் போட்டு, சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் பையன்களுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்பது திட்டம். தங்கச்சி நர்சிங் படிக்கிறாள். அந்த வாடகையைக் கணக்குப் போட்டுத்தான் அவளைச் சேர்த்தார்கள்.

பில்லர் பொரிந்ததைக் காட்டத்தான் முதலில் ஒரு ரிப்பேர் கம்பெனியைக் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர் ஐந்து நிமிஷம் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆறு பில்லருக்கும் கார்பன் ஃபைபர் சுத்திடலாம் சார். அப்புறம் நீங்க ரெண்டு மாடிகூட எழுப்பலாம்" என்று சொல்லி, ஒரு தொகையையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தொகையைக் கேட்ட சித்தி அதைப் பவுன் கணக்கில் மாற்றிப் பார்த்தார். பில்லருக்கு ஒரு பவுன் வந்தது.

"ஆறு பவுனைத் துணியா சுத்துறதா?" என்பது சித்தியின் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால், அந்தக் கறுப்புத் துணி ஏமாற்று வேலை இல்லை. அது நிஜமாகவே வேலை செய்யும். எப்போது செய்யும், எப்போது செய்யாது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரான என் தோழியின் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் போனேன்.

அரிசி மூட்டைக் கணக்கு

அக்கா வந்ததும் பில்லரைப் பார்க்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழே இருந்த அரிசி மூட்டையைக் காட்டினார்.

"சித்தப்பா, இதை அவிழ்த்துத் தரையில கொட்டிட்டு மேல ஏறி நின்னா என்ன ஆகும்?"

"அரிசி நாலாபக்கமும் ஓடும்."

"மூட்டையா கட்டியிருக்கும்போது ஏறி நின்னா?"

"நிக்கும்."

"அரிசி அதே அரிசிதானே?"

"அரிசி மேல யாராச்சும் காலை வைப்பாங்களா?" என்று சித்தி நடுவில் புகுந்தார். அக்கா சாரி கேட்டுக்கொண்டார். ஆனால், எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

கான்கிரீட் தூணை மேலிருந்து அழுத்தினால் அது பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். பிதுங்கினால் செங்குத்தாக விரிசல் விடும்; அதற்கப்புறம் நொறுங்கும். பிதுங்க விடாமல் சுற்றிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அதே கான்கிரீட் இன்னும் அதிகம் தாங்கும். எவ்வளவு அதிகம்? 1928லேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் என்பவரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் சோதித்திருக்கிறார்கள். பக்கவாட்டில் ஒரு பங்கு அழுத்தம் கொடுத்தால், மேலிருந்து தாங்கும் சக்தி கிட்டத்தட்ட நாலு பங்கு கூடுகிறது. இன்றைக்கும் இன்ஜினீயர்கள் அந்தக் கணக்கை அடியொற்றித்தான் போடுகிறார்கள்.

பில்லர் கம்பிக்குக் குறுக்கே கம்பி வேலைக்காரர் மாட்டுகிற ரிங் இருக்கிறதே, அது இதற்குத்தான். பெரிய கம்பி சாயாமல் பிடிப்பதும், உள்ளே இருக்கிற கான்கிரீட்டை மூட்டை மாதிரி கட்டி வைப்பதும் அதன் வேலை. பழைய வீடுகளில் இந்த ரிங்குகள் சன்னமாகவும், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளியும் இருக்கும். நுனியை உள்பக்கமாக மடக்கியிருக்கவும் மாட்டார்கள். சித்தப்பா வீட்டிலும் அப்படித்தான்.

கறுப்புத் துணி செய்வது, ரிங் செய்கிற அதே வேலையை வெளியிலிருந்து செய்வது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிற மாதிரி.

அது என்ன துணி?

கார்பன் இழையை நெய்தது. தலைமுடியைவிட மெல்லிய இழைகள். இதை எபாக்ஸி பசையில் ஊறவைத்துத் தூணைச் சுற்றி ஒட்டினால், பசை இறுகி இழையும் பசையும் சேர்ந்து ஒரு ஓடு மாதிரி ஆகிவிடும். இழை சேர்த்த பாலிமர், சுருக்கமாக எஃப்.ஆர்.பி. புதுசாகத் தோன்றினாலும் உறவு பழையதுதான். பழவேற்காட்டில் கரையில் கிடக்கிற ஃபைபர் படகுகள் இதே குடும்பம். அங்கே கண்ணாடி இழை, இங்கே கார்பன் இழை. தூணுக்கும் கண்ணாடி இழை போடலாம், விலை குறைவு. ஆனால், பலம் கார்பனுக்கு அதிகம்.

சித்தப்பாவுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டுமானால், இன்றைக்குக் கடையில் கிடைக்கிற 500 கிரேடு கம்பி, சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் இழுப்பு வரைக்கும் நிரந்தரமாக நீளாமல் தாங்க வேண்டும். கார்பன் இழை 3,500க்கு மேல் தாங்கும். எடையோ இரும்பில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. இதைக் கேட்டபோது, முப்பது வருஷம் கம்பி உருட்டியவர் முகத்தில் லேசாக ஒரு பொறாமை தெரிந்தது.

அக்கா பேப்பரில் ஒரு கணக்குப் போட்டார். இங்கே இருப்பது ஒன்பதுக்குப் பன்னிரண்டு இஞ்ச் பில்லர், பத்தடி உயரம். சுற்றளவு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வழக்கமாகப் பயன்படுத்துகிற துணி சதுர மீட்டருக்கு 300 கிராம். ஒரு சுற்றுச் சுற்ற ஒரு கிலோ துணி போதும். இதையே பழைய முறையில், சுற்றிலும் கம்பி கட்டி, பக்கத்துக்கு நாலு இஞ்ச் கான்கிரீட் போட்டுப் பருமனாக்கினால், ஒரு பில்லருக்கு ஒரு டன்னுக்கு மேல் எடை கூடும். பில்லர் பதினேழுக்கு இருபது இஞ்ச் ஆகிவிடும்.

"அப்புறம் கார் எப்படி உள்ள வரும்?" என்றார் சித்தப்பா. அவரிடம் கார் கிடையாது. வாங்கப்போகிறார் போல.

இந்த வித்தையை உலகம் கற்றுக்கொண்டது அடிபட்டுத்தான். சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் பக்கத்தில் இபாஹ் பாலத்தில் டிராஃபிக் சிக்னல் மாட்டத் துளை போட்டபோது உள்ளே இருந்த முக்கியமான கம்பியைத் தவறுதலாக வெட்டிவிட்டார்கள். 1991ல் அதைச் சரிசெய்ய, 175 கிலோ இரும்புத் தகடு ஒட்ட வேண்டிய இடத்தில் 6.2 கிலோ கார்பன் பட்டையை ஒட்டினார்கள். அது பாலத்தின் அடிப்பகுதி. தூணுக்குப் பாடம் நடத்தியது பூகம்பம். 1994 ஜனவரி 17, கலிஃபோர்னியா நார்த்ரிட்ஜ். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1995 ஜனவரி 17, ஜப்பான் கோபே. கோபேயில் மேம்பாலச் சாலை ஒன்று தூண்களோடு பக்கவாட்டில் சாய்ந்து படுத்த போட்டோவைப் பார்க்காத இன்ஜினீயரிங் மாணவர் இருக்க முடியாது. அதற்குப் பிறகுதான் ஜப்பானில் தூண்களுக்கு இந்தக் கறுப்புச் சட்டை பரவலாக வந்தது.

நமக்கெல்லாம் பூகம்பமா என்று கேட்காதீர்கள். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் புஜ் அருகே பூமி ஆடியபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அபார்ட்மென்ட்கள் விழுந்தன. அதில் பல, கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தத் திறந்து விட்டவை. சித்தப்பா வீடு மாதிரி. அதே வருஷம் செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் சென்னை வீடுகளும் ஆடின. 2002ல் விதியைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள்.

பிங்க் கலர் வந்தால் நல்ல சேதி

இப்போது பில்லருக்கு வருவோம். முன்னால் இருக்கிற நாலும் பார்க்க ஜம்மென்று இருந்தன. பின்னால் இரண்டு. அவற்றில் பூச்சு உப்பி, கான்கிரீட் பெயர்ந்து, கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தது. பெரிய கம்பி ஓரங்களில் செங்குத்தாக நீளமான விரிசல்.

எனக்கு உடனே உப்புத் தண்ணீர் ஞாபகம் வந்தது. மீஞ்சூர், பொன்னேரி பக்கத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல் நீர் உள்ளே ஏறியது 1960களின் கடைசியிலிருந்தே பேசப்படுகிற விஷயம். போர் தண்ணீரில் கான்கிரீட் கலந்திருப்பார்கள், உப்பு கம்பியைத் தின்றிருக்கும் என்று ரிப்போர்ட்டர் தோரணையில் சொன்னேன்.

"பார்த்துட்டுச் சொல்லலாம்" என்றார் அக்கா.

முதலில் சின்னச் சுத்தியல் மாதிரி ஒரு கருவியால் ஒவ்வொரு பில்லரையும் தட்டி அளவு எடுத்தார். பிறகு கம்பி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் மீட்டர். பின்பக்கப் பில்லர்களில் கம்பிக்கும் வெளிப்பூச்சுக்கும் நடுவே கான்கிரீட் அரை இஞ்ச்கூட இல்லை. குறைந்தது ஒன்றரை இஞ்ச் இருக்க வேண்டிய இடம் அது. கவர் பிளாக் வைக்காமல் சில்லி வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்தது. முன்பக்கப் பில்லரில் ஓர் ஓரத்தை உளியால் கொஞ்சம் உடைத்து, ஒரு ஸ்பிரே அடித்தார். பினாஃப்தலீன். பள்ளிக்கூட லேபில் பார்த்ததுதான். வெளி ஓரம் கொஞ்சம் நிறமில்லாமல் இருந்தது. அதற்கு உள்ளே எல்லாம் சட்டென்று அடர் பிங்க். அப்படியென்றால் கான்கிரீட்டின் காரத்தன்மை இன்னும் இருக்கிறது, கம்பி பத்திரம். பின்பக்கப் பில்லரில் அடித்தார். நிறமே வரவில்லை. கம்பி வரைக்கும் வெளுத்தே கிடந்தது. காற்றில் இருக்கிற கரியமில வாயு வருஷக்கணக்கில் உள்ளே போய்க் காரத்தைக் கொன்றுவிட்டது. காரம் போனால் கம்பிக்குக் கவசம் போச்சு. ஈரமும் சேர்ந்தால் துருதான்.

ஈரம் எங்கிருந்து? சித்தி மேலே கையைக் காட்டினார். அந்த இரண்டு பில்லருக்கும் நேர் மேலே பாத்ரூம். குழாய் இணைப்பில் சொட்டு. எத்தனை வருஷமாக என்று கேட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கான்கிரீட் பொடியை லேபுக்கு அனுப்பினோம். உப்பு வரம்புக்குள்தான் இருந்தது. என் தியரி அவுட். இருந்தாலும் புதுசாக வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்குகிற தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கடலோர வட்டாரங்களில் போர் தண்ணீரை ஒரு தரம் டெஸ்ட் பண்ணிவிட்டுக் கலக்கச் சொல்லுங்கள்.

துருவைச் சுரண்டிவிட்டு அக்கா கம்பியை அளந்தார். பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி சில இடங்களில் ஒன்பதாக இருந்தது.

"கால் பங்குதானே போயிருக்கு" என்றேன்.

"விட்டத்துலதான் கால் பங்கு. பலத்துல பாதியை நெருங்குது" என்றது நான் எதிர்பார்க்காத குரல். சித்தப்பா. "இது முறுக்குக் கம்பி. அப்ப டி.எம்.டி. எல்லாம் இவ்வளவு வரலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரிங்குகளைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு இடத்தில் கையோடு வந்தது.

அந்த நிமிஷம் யாருக்கும் பேச்சு வரவில்லை. மேலே தங்கச்சி படித்துக்கொண்டிருந்தாள்.

சுற்றினால் மறையும், சாகாது

கம்பெனிக்காரர் சொன்னபடி அப்படியே சுற்றியிருந்தால்? இதைத்தான் நான் முக்கியமாகக் கேட்டேன்.

பதில் இது. துணி, கான்கிரீட்டைப் பிதுங்காமல் பிடிக்கும். துருவைக் குணப்படுத்தாது. உள்ளே துரு ஓடிக்கொண்டே இருந்தால், இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்து வெளியே தள்ளும். துணிக்கு உள்ளே அது நடந்தால் நம் கண்ணுக்கும் தெரியாது. இப்போதாவது விரிசல் விட்டுச் சத்தம் போட்டது. சுற்றிவிட்டால் அந்தச் சத்தமும் அடங்கிவிடும். அதனால் சிதைந்த கான்கிரீட்டை எடுத்து, துருவைச் சுத்தம் செய்து, போன கம்பிக்கு ஈடு கட்டி, பில்லரை முதலில் பழைய உடம்புக்குக் கொண்டுவர வேண்டும். துணி கடைசியில்தான்.

இரண்டாவது, மாடி. அக்கா ஒரு பில்லர் பக்கத்தில் பள்ளம் தோண்டச் சொன்னார். அஸ்திவாரம் இப்போது இருக்கிற வீட்டுக்கே சரியாக இருக்கிறது. மேலே ஒன்று தாங்காது. தூணைக் கார்பன் என்ன, வைரத்தாலேயே சுற்றினாலும் பாரம் கடைசியில் மண்ணுக்குத்தான் போக வேண்டும். "ரெண்டு மாடி எழுப்பலாம்" என்றவர் பள்ளம் தோண்டிப் பார்க்கவில்லை.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். பாரத்துக்கு ஏற்ற தூண் இல்லை என்பதுதான் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அதே வளாகத்தில் விழாமல் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நிற்கிற எல்லாக் கட்டடத்தையும் சுற்றிச் சுற்றிக் காப்பாற்றிவிட முடியாது.

மூன்றாவது, வடிவம். துணி நன்றாக வேலை செய்வது வட்டத் தூணில்தான். ஒரு அட்டைப் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டிப் பாருங்கள். மூலைகளில் அழுந்தும், நடுவில் தொளதொளவென்று இருக்கும். சதுரத் தூணிலும் அதேதான். மூலையைக் கிரைண்டரால் வட்டமாகத் தேய்க்காவிட்டால் இழை அந்தக் கூர்மையில் வெட்டுப்படும். குறைந்தது 13 மில்லிமீட்டர் ஆரம் வர வேண்டும் என்று அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டி சொல்கிறது. நீளம், அகலத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் பெரிதாகப் பயனில்லை. நம் ஊரில் சுவருக்குள் மறையட்டும் என்று ஒன்பதுக்குப் பதினெட்டு இஞ்ச் பில்லர் போடுகிறோமே, அது அந்த எல்லையிலேயே நிற்கிறது. தவிர, சுவருக்குள் பாதி புதைந்த பில்லரை நாலு பக்கமும் எப்படிச் சுற்றுவது? சுவரை உடைத்தால்தான் முடியும். சித்தப்பாவுக்கு அதிர்ஷ்டம், ஆறும் தனியாக நிற்கிற பில்லர்கள்.

நாலாவது, நெருப்பு. எபாக்ஸி பசை 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளக ஆரம்பித்துவிடும். அதனால் துணியே இல்லாமல் போனாலும் வீடு இப்போதைய பாரத்தைத் தாங்கி நிற்குமா என்று கணக்குப் பார்த்த பிறகுதான் நல்ல இன்ஜினீயர் துணியைப் பற்றிப் பேசுவார். தானாக நிற்க முடியாத தூணை இதை நம்பி விடக் கூடாது.

கடைசியில் முடிவானது இதுதான். முன்பக்கம் நாலு பில்லருக்கு ஒன்றும் வேண்டாம். பின்பக்கம் இரண்டுக்கு மட்டும் முழு வைத்தியம். அதற்கு முன்னால், முதல் வேலையாகப் பிளம்பர். மாடித் திட்டம் இல்லை. சித்தப்பா இதைக் கேட்டுவிட்டுப் பெட்டிக்கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனார். அரை மணி நேரம் ஆயிற்று வர.

சுற்றிய நாள்

லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போனேன். நான் போவதற்குள் பாதி வேலை முடிந்திருந்தது. பீமுக்குக் கீழே இரும்பு ஜாக்கி கொடுத்துப் பாரத்தை இறக்கி வைத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு பில்லர்தான். கெட்ட கான்கிரீட்டை எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருத் தடுப்பு பூசி, பலம் போன இடத்தில் புதுக்கம்பி சேர்த்து, சென்ட்ரிங் அடித்து மைக்ரோ கான்கிரீட் ஊற்றி, அது இறுகும்வரை காத்திருந்திருக்கிறார்கள்.

அறுந்துபோன பழைய ரிங்குகளின் வேலையைத்தான் இந்தத் துணி செய்யப்போகிறது. கம்பெனி சொன்ன "மாடி தாங்கும் துணி" இல்லை. போன ரிங்குக்கு மாற்று. அந்த அளவுக்கு இது அருமையான சாமான்.

மூலைகளைக் கிரைண்டர் போட்டு வட்டமாக்கினார்கள். தூசி பறந்தது. பிறகு பிரைமர், பள்ளம் மேடு போக எபாக்ஸி புட்டி. கார்பன் நேராகக் கம்பியில் பட்டால் ஈரம் இருக்கும் இடத்தில் கம்பி இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். அதனால் கம்பி எங்கும் வெளியே தெரியவில்லையா என்று அக்கா டார்ச் அடித்துப் பார்த்தார். பசையும் ஹார்டனரும் கலந்த பிறகு நேரம் ஓடுகிறது. ஆரணி வெயிலில் அது சீக்கிரமே கெட்டியாகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகவே கலந்தார்கள். ஒருவர் பசை பூச, இரண்டு பேர் துணியைச் சுற்ற, இன்னொருவர் பல் வைத்த ரோலரால் அழுத்தி அழுத்திக் காற்றுக் குமிழியை வெளியேற்றினார். இழை ஓடும் திசை தூணைச் சுற்றி, படுக்கை வாக்கில் இருக்க வேண்டும். நட்டுக்குத்தலாக வைத்தால் பிடிக்க வேண்டிய பிடியே கிடைக்காது. ஒரு சுற்று முடியும் இடத்தில் துணி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும். நுனியோடு நுனி முட்டி நிறுத்தினால் அந்த இடத்தில் பிரிந்துவிடும். இரண்டு சுற்று. ஈரப்பசை மேலேயே மணலைத் தூவினார்கள், பின்னால் சிமென்ட் பூச்சு பிடிக்க.

மதியத்துக்குள் பில்லர் பளபளவென்று கறுப்பாக நின்றது. சித்தி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "ஐயப்பனுக்கு மாலை போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

ஒரு வாரம் கழித்து அக்கா வந்து, ஒரு ரூபாய் நாணயத்தால் மேலிருந்து கீழ்வரை தட்டிப் பார்த்தார். கெட்டியான இடத்தில் 'டிக்'. உள்ளே ஒட்டாமல் காற்று இருந்தால் 'டொக்'. ஓர் இடத்தில் 'டொக்' வந்தது. அங்கே ஊசியால் எபாக்ஸி ஏற்றினார்கள். வெயில் பட்டால் பசை கெடும் என்பதால் மேலே பூச்சும் பெயின்ட்டும். பெயின்ட் காய்ந்த பிறகு எது புதுப் பில்லர், எது பழசு என்று தெரியவில்லை.

செலவு, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து, முதலில் கேட்ட தொகையில் பாதிக்கும் கீழே முடிந்தது. மிச்சம் தங்கச்சியின் அடுத்த வருஷ ஃபீஸுக்குப் போகிறது. மாடி வாடகைக்குப் பதில், பார்க்கிங்கில் பாதியைப் பக்கத்துத் தெருக்காரரின் ஆட்டோவுக்கு விட்டிருக்கிறார் சித்தப்பா. நாலு ரூம் வாடகைக்கு அது எந்த மூலைக்கு என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுப் பில்லரில் கம்பி ஓடும் வரிசையிலேயே நீள விரிசல், பழுப்புக் கறை, தட்டினால் பொக்கைச் சத்தம், இதில் எது இருந்தாலும் மேலே புட்டியும் பெயின்ட்டும் அடித்து மறைக்காமல் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். சாமான் விற்கிறவரும் சோதிக்கிறவரும் ஒருவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரிசல் திடீரென்று பெரிதானால் இன்ஜினீயர் வரும்வரை உள்ளே காத்திருக்க வேண்டாம். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 1993ல் கட்டிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு இடிந்தது. 24 வீடுகள் தரைமட்டம். விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அக்கா கிளம்பும்போது இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். போகிப் பண்டிகைக்கு அந்தப் பில்லர் பக்கத்தில் எதையும் கொளுத்தக் கூடாது. அதில் ஆணி அடிக்கவோ, துளை போடவோ கூடாது, இழை அறுந்துவிடும்.

போகியைப் பற்றி யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆணிதான் பிரச்னையாகிவிட்டது. இத்தனை வருஷமாகச் சித்தி துணி காயப்போடும் கொடிக் கயிறு கட்டியிருந்தது அந்த இரண்டு பில்லருக்கு நடுவேதான். இப்போது அது ஜன்னல் கம்பியிலிருந்து முருங்கை மரத்துக்கு ஓடுகிறது. முருங்கை தாங்காது, முறிந்துவிடும் என்று சித்தப்பா தினமும் சொல்கிறார். தாங்குமா தாங்காதா என்று கேட்க எனக்கு மறுபடி போன் வந்திருக்கிறது.